சார்பு: இல்லை

உப்பாற்றுமுனை அணுமின் நிலையத்தில் ஒருவரை ஒருவர் நம்புவது குற்றமில்லை. ஆனால் அதற்கு ஓர் அளவு இருந்தது. அளவு மீறினால் ஷிஃப்ட் மாற்றிவிடுவார்கள்.

ஏன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கட்டுப்பாட்டு அறையில் எந்த வேலையானாலும் ஒருவர் செய்ய வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். மனிதன் என்றால் எப்போதாவது கை தவறும். ஆனால் செய்கிறவர் தவறுகிற அதே நொடியில் பார்க்கிறவரும் ஏமாறுவது அபூர்வம். நிலையத்தின் பாதுகாப்புக் கணக்கு முழுக்க இந்த அபூர்வத்தின் மேல்தான் நின்றது. அதில் ஒரு சிக்கல். கூட உட்கார்ந்திருப்பவன் கெட்டிக்காரன், நல்லவன் என்று மனசுக்குப் பட்டுவிட்டால், 'அவன் பார்த்திருப்பான்' என்று தலையாட்டிவிடுவது மனித சுபாவம். பிறகு கண் நான்கு இருந்தும் பார்வை ஒன்றுதான். பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதற்குச் 'சார்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சார்பை அளக்க இயந்திரம் வந்தது. அது அறையில் நடப்பதையெல்லாம் கேட்டது. ஒருவர் சொன்னதை மற்றவர் எவ்வளவு தாமதித்துத் திருப்பிச் சொல்கிறார், குரலில் ஐயம் இருக்கிறதா, இருந்த இடத்திலிருந்தே 'சரி' போடுகிறாரா அல்லது எழுந்து நடந்து வந்து பார்க்கிறாரா என்று கூட்டிக் கழித்து, ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு தரம் போட்டது. இல்லை, சிறிது, நடுத்தரம், அதிகம், முழுமை. முகத்தையும் கண்ணையும் படம் பிடிக்கக்கூடாது என்று மட்டும் தொழிற்சங்கம் போராடி வாங்கியிருந்தது. காதுக்குச் சம்மதித்தார்கள், கண்ணுக்குச் சம்மதிக்கவில்லை.

அந்த இயந்திரத்துக்கு நீளமான ஒரு பெயர் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. 'மாமியார்' என்றுதான் சொல்வார்கள். இரண்டு பேர் ஒட்டிப் பழகினால் பொறுக்காது அல்லவா, அதனால்.

இசக்கிராஜன் இரண்டாம் அலகில் பேனல் இயக்குபவன். ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவனை ஜோவிட்டா கூப்பிட்டு அனுப்பினாள். மனிதப் பிழைகளை மதிப்பிடுவது அவள் வேலை. எந்த வேலையில் யார் எப்படித் தவறக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்து எழுதுகிறவள். தூத்துக்குடிக்காரி, வயதில் சின்னவள், எல்லோரையும் அண்ணன் அக்காள் என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணே, கோவிச்சுக்கப்படாது. ஒரு காரியம் கேக்கணும்."

"கேளுங்க."

"இரண்டாம் அலகுக்கு உரிமம் புதுப்பிக்கணும்லா. மனிதப் பிழை கொறஞ்சிருக்குன்னு காட்டச் சொல்லுதாவ. யார யாரு கூட உக்கார வச்சா சார்பு கொறையும்னு பழைய குரல் பதிவையெல்லாம் போட்டுப் பாத்தேன். ஒரு ஜோடிக்குத்தான் 'இல்லை'ன்னு சுத்தமா வந்துச்சு."

"யாரு?"

ஜோவிட்டா மேசையில் இருந்த காகித எடையை நகர்த்தி வைத்தாள். "நீங்களும் பவா அக்காவும்."

அவன் அந்தக் காகித எடையையே பார்த்தான். பிறகு, "நாங்க ரெண்டுபேரும் பேசியே காலமாச்சும்மா" என்றான்.

"அதனாலதாம்ணே."

பவதாரிணி அவன் மனைவி. சட்டப்படி இன்னும் மனைவிதான். அவள் குவார்ட்டர்ஸில் இருந்தாள், அவன் சாமியார்விளையில் கட்டிய வீட்டில் இருந்தான். அவர்களுக்குள் அடிதடியோ, மூன்றாம் ஆளோ, குடியோ கிடையாது. நடந்தது இதுதான். அவள் சரிபார்ப்பவருக்கான உரிமத் தேர்வுக்காக வடக்கே பயிற்சி மையத்தில் இருந்தபோது அவளுடைய அம்மாவை நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தினமும் சாயங்காலம் போனில், "அம்மைக்கு எப்படியிருக்கு?" என்று கேட்பாள். அவனும் தினமும், "ஒண்ணுமில்ல, சாதாக் காய்ச்சல்தான். நீ படி" என்பான். அவள் தேர்வில் தேறினாள். இனிப்புப் பெட்டியோடு ரயிலில் வந்து இறங்கினாள். பிளாட்பாரத்தில் அவன் தனியாக நின்றான். அவள் கையிலிருந்த பெட்டியை வாங்காமல் நின்றான். அம்மா இல்லை என்று அதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"பரீட்சை முடியட்டும்னுதான்..." என்று ஆரம்பித்தான்.

"நான் கேட்டேன்லா" என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதன் பிறகு அவன் சொன்ன எதையும் அவள் அப்படியே எடுத்துக்கொண்டதில்லை. சோறு வெந்துவிட்டது என்றால் மூடியைத் திறந்து பார்த்தாள். மழை பெய்கிறது என்றால் ஜன்னலருகே போய்ப் பார்த்தாள். கோபமாகச் செய்யவில்லை. அவளை அறியாமல் கால் போனது, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அவளாலும் முடியவில்லை போலிருக்கிறது. ஒரு நாள் பெட்டியைக் கட்டினாள்.

"உங்க பவா அக்காட்ட கேட்டாச்சா?" என்றான் இசக்கிராஜன், ஜோவிட்டாவிடம்.

"கேட்டேன். 'அவரு வேலையச் செய்யட்டும், நான் பாத்துக்கிடுதேன்'னு சொன்னாவ."

அவன் எழுந்தான். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி, "எப்ப இருந்து?" என்று கேட்டான். கேட்ட வேகத்தைப் பார்த்து ஜோவிட்டா சிரித்துவிட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை அவன் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டான்.

உப்பாற்றுமுனையில் 'தொட்டுச் சொல்' என்று ஒரு வழக்கம் உண்டு. செய்கிறவர் வால்வின் பெயர்ப்பட்டையைத் தொட்டு வாய்விட்டு வாசிக்க வேண்டும். பார்க்கிறவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். ஐயம் இருந்தால் எழுந்து வந்து தானும் தொட்டுச் சொல்லலாம். பெரும்பாலோர் எழுந்திருக்க மாட்டார்கள். மேற்பார்வை மேசைக்கும் பேனலுக்கும் இடையே நல்ல தூரம். யாருக்கு முட்டு நோகாமல் இருக்கிறது?

பவதாரிணி ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்தாள்.

"குளிர்நீர் வால்வு இரண்டு, மூடப்போறேன்" என்பான் அவன். பின்னால் நாற்காலி நகரும். செருப்பு ஓசை நெருங்கும். அவள் அவன் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, வலது சுட்டுவிரலால் பட்டையைத் தொட்டு, "குளிர்நீர் வால்வு இரண்டு, மூடலாம்" என்பாள். அவன் மூடுவான். அவள் போய்விடுவாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு விடுவது கேட்கும். காதோரத்தில் நரை கூடியிருப்பது தெரியும். முகத்தைத் திருப்பிப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் வராது. கண்ணாடிபோல் பளபளத்த பேனல் விளிம்பில் அவளுடைய நிழல் வந்து போவதைப் பார்த்துக்கொள்வான்.

ஷிஃப்ட் முடிவில் மாமியார் தரம் போடும். சார்பு: இல்லை.

அவனுக்கு அது வலித்தது, இனித்தது. அவள் தன்னைக் கொஞ்சமும் நம்பவில்லை என்பதற்கு எழுத்து மூலமான அத்தாட்சி அது. ஆனால் நம்பாததால் அல்லவா எழுந்து வருகிறாள்? என்றைக்கு நம்புகிறாளோ அன்றைக்கு மேசையிலிருந்தே 'சரி' என்றுவிடுவாள். இந்த இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. வீட்டில் தனியாக ரசம் வைக்கும்போது இதை யோசித்து ரசத்தைப் பொங்கவிட்டிருக்கிறான்.

கேன்டீனில் செல்வின் விடமாட்டான். பம்புக்கூடத்தில் வேலை செய்பவன், பள்ளிக்கூட நாளிலிருந்தே பழக்கம்.

"என்ன மாப்ளே, அவனவன் பொண்டாட்டி நம்பணும்னு கோயிலுக்குப் போறான். உன் பொண்டாட்டி நம்பாம இருக்கதுல நாலு ஜில்லா நிம்மதியாத் தூங்குது."

"சாப்பிடுல."

"நான் என்ன தப்பாவா சொல்லுதேன்? உனக்குச் சிலை வைக்கணும். 'நம்பப்படாத நாயகன்'னு கல்லுல வெட்டி."

அடுத்த மேசையில் ஆய்வகப் பெண்களோடு பவதாரிணி உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்; வாயோரம் லேசாகச் சுழித்தது. அது சிரிப்புதானா என்று அவனுக்கு உறுதியில்லை. அதற்கெல்லாம் சரிபார்க்க ஆள் கிடையாது.

இப்படியே ஒரு கோடை போனது. அவன் ஒரு தீர்மானம் எடுத்திருந்தான். இனி அவளிடம் நல்லதோ கெட்டதோ உள்ளதை உள்ளபடி சொல்வது. பேச வாய்ப்பு அதிகம் இல்லை, நடைவழியில் எதிர்ப்படும்போது ஒன்றிரண்டு வார்த்தைதான். "நேத்து எனக்குப் பிரஷர் கூடிருக்குன்னு டாக்டர் சொன்னாரு" என்றான் ஒரு நாள். "உன் முருங்க மரம் பட்டுப்போச்சு, நான் தண்ணி ஊத்தல" என்றான் இன்னொரு நாள். அவள் தலையாட்டிவிட்டுப் போவாள். ஐப்பசியில் ஒரு மாலை, ஷிஃப்ட் முடிந்து இரும்புக் கதவருகே நின்றபோது, "வெளியே மழை" என்றான். அவள் பையிலிருந்து குடையை எடுத்து விரித்துக்கொண்டே வெளியே நடந்தாள். மழைச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான். அந்தக் கதவு எந்தச் சத்தத்தையும் உள்ளே விடாத கதவு என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மார்கழியில் அது நடந்தது.

அவசர காலத்தில் உலையைக் குளிர்விக்க இரண்டு பம்புகள் உண்டு, ஏ, பி என்று. ஒன்று கைவிட்டால் இன்னொன்று. ஏ பம்பில் பழுது பார்த்து முடித்திருந்தார்கள். பழுதுக்காக மூடி வைத்த வால்வைத் திரும்பத் திறக்க வேண்டும். பேனலில் இரண்டுக்கும் ஒரே மாதிரித் திருகுகள், இடது வரிசை ஏ, வலது வரிசை பி. அவன் எழுந்து நின்றான். வாயைத் திறப்பதற்குள் பின்னால் நாற்காலி நகர்ந்தது. அன்றைக்கு அவன் கூப்பிடும் முன்பே அவள் வந்துவிட்டாள்.

"ஏ பம்பு நுழைவு வால்வு, திறக்கப்போறேன்."

அவள் விரலை நீட்டிப் பட்டையைத் தொட்டாள். விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. காய் நறுக்கும்போது வெட்டிக்கொண்டாளோ? ஆழமாகப் பட்டிருக்குமோ? கேட்கலாமா?

"ஏ பம்பு நுழைவு வால்வு, திறக்கலாம்" என்றாள்.

அவன் திருகினான். பச்சை விளக்கு எரிந்தது. "திறந்தாச்சு." "திறந்தாச்சு, சரி."

மாமியார் தரம் போட்டது. சார்பு: இல்லை.

மறு ஷிஃப்டில் ஏ பம்பைச் சோதனைக்கு ஓட்டியபோது அது தண்ணீரில்லாமல் அலறி நின்றது. செல்வின்தான் ஓடிப் போய்ப் பார்த்தான். ஏ வால்வு மூடியபடியே இருந்தது. அவர்கள் திருகியது வலது வரிசை. பி வால்வு ஏற்கெனவே திறந்திருந்தது; அதன் விளக்கு முன்பிருந்தே பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, உலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த இடைவெளியில் ஆபத்து ஒன்று வந்திருந்து, பி பம்பும் கைவிட்டிருந்தால், என்று யோசித்த எல்லோரும் அந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டார்கள்.

ஜோவிட்டா இருவரையும் தன் அறைக்கு அழைத்தாள். அன்று பேச்சை ஆரம்பிக்கும்போது அவள் அண்ணன், அக்கா எதுவும் சொல்லவில்லை.

"கையி தவறுறது நடக்கும். அத நான் எழுதியே வச்சிருக்கேன். எனக்குப் புரியாதது ஒண்ணுதான். ஒருத்தர ஒருத்தர் கொஞ்சமும் நம்பாத ரெண்டுபேரு, பக்கத்துல பக்கத்துல நின்னு, தொட்டு வாசிச்சு, எப்படி ஒரே தப்பப் பண்ணுவாங்க? என் கணக்குப்படி நடக்கவே முடியாது. நடந்திருக்குன்னா ரெண்டே வழிதான். ஒண்ணு, செஞ்சவரு பாத்தவங்கள ஏமாத்தியிருக்கணும். இல்லன்னா, பாத்தவங்க பாக்கவேயில்ல."

பவதாரிணி ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாக்காம இருந்திருந்தா?" என்றான் இசக்கிராஜன்.

"சரிபாக்குற உரிமத்த நிறுத்தி வைப்பாங்க. திரும்பப் பயிற்சி, திரும்பப் பரீட்சை."

திரும்பப் பரீட்சை. வடக்கே ரயில். அவன் மேசையை நோக்கி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"எழுதிக்கிடுங்கம்மா. என் கை பட்டைய மறைச்சிருந்துச்சு. அவ கைய எடுக்கச் சொன்னா. 'நான் பாத்துட்டேன், ஒண்ணுமில்ல'ன்னு சொன்னேன். மெதுவாச் சொன்னேன், மெஷினுக்குக் கேட்டிருக்காது. தப்பு முழுக்க என்னோடது."

ஜோவிட்டா எழுதவில்லை. பவதாரிணியைப் பார்த்தாள்.

பவதாரிணி கடலிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள். முகத்துக்கு நேராக, வெகு காலத்துக்குப் பிறகு.

"மறுபடியும் எனக்காகவா?" என்றாள்.

அவன் தலையைக் குனிந்தான்.

"இந்த வருஷம் பூரா உண்மையத்தான் சொல்லிட்டு இருந்தீங்க. முருங்க மரம் பட்டுப்போனத கூடச் சொன்னீங்க. இப்ப எதுக்கு?" அவள் ஜோவிட்டா பக்கம் திரும்பினாள். "அவரு சொல்லுதது பொய். கையி எதையும் மறைக்கல. பட்ட நல்லாத் தெரிஞ்சுச்சு. நான்தான் பாக்கல."

"நீங்க எந்திரிச்சு வந்திருக்கீங்களேக்கா. பதிவுல இருக்கு. ஒவ்வொரு தடவையும் வந்திருக்கீங்க."

"வந்தேன்."

"வந்து பாக்கலன்னா, பின்ன எதுக்கு வந்தீங்க?"

பதிலுக்கு அவள் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். மாமியார் அங்கே இருந்திருந்தால் அந்தத் தாமதத்தை ஐயம் என்று குறித்திருக்கும்.

"ஆரம்பத்துல வால்வப் பாக்கத்தான் வந்தேன். சத்தியமா, அவர நம்பல. அப்புறம் எப்பன்னு தெரியல, நம்பிட்டேன். நம்பிட்டா மேசையில இருந்தே சரின்னு சொல்லிரலாம். சொல்லலாம், ஆனா பக்கத்துல போய் நிக்கதுக்கு வேற என்ன சாக்கு இருக்கு எனக்கு?" குரலில் நடுக்கம் இல்லை. ஷிஃப்ட் ஒப்படைக்கும்போது பேசுகிற அதே குரல். "பட்டையத் தொடுவேன். அவரு சொன்னத அப்படியே திருப்பிச் சொல்லுவேன். கண்ணு எங்க இருந்துச்சுன்னு அவருக்கும் தெரியாது. அவரு பேனலத்தான் பாத்துக்கிட்டு இருப்பாரு."

"நான் அன்னைக்குப் பேனலப் பாக்கல" என்றான் இசக்கிராஜன். யாரும் கேட்காமலே சொன்னான். "உன் விரலப் பாத்தேன். பிளாஸ்திரி போட்டிருந்தியே."

"மாங்கா நறுக்கினேன்."

"ஆழமா?"

"இல்ல."

அவள் கையை நீட்டிக் காட்டினாள். அவன் பார்த்தான். ஆறிவிட்டிருந்தது.

ஜோவிட்டா பேனாவை மூடி வைத்தாள். இருவரையும் பார்க்காமல் தன் மேசையிடமே பேசுவது போலச் சொன்னாள். "எந்திரிச்சு வந்தா சந்தேகம்னு மெஷினுக்கு எழுதிக் குடுத்தவ நான்தான். அதுக்கு மேலதான் மத்த எல்லாக் கணக்கும். வேற எதுக்காவும் ஒரு மனுஷி எந்திரிச்சு வருவான்னு எனக்குத் தோணவேயில்ல. இனி முதல்ல இருந்து எழுதணும்." பிறகு, கோபமும் இல்லாமல், இரக்கமும் இல்லாமல், "நீங்க ரெண்டுபேரும் இனி ஒரே அறையில உக்காரக்கூடாதுண்ணே. என்னைக்கும்" என்றாள்.

"நியாயந்தாம்மா" என்றான் அவன்.

அவர்கள் பெயருக்கு எதிரே அன்று ஜோவிட்டா கையால் எழுதிய தரத்தை இயந்திரம் அதுவரை யாருக்கும் போட்டதில்லை. சார்பு: முழுமை.

அவள் வடக்கே போய்ப் பயிற்சி முடித்து, பரீட்சை எழுதித் தேறினாள். இந்தத் தடவை போனில் அவள் எதைக் கேட்டாலும் அவன் உள்ளதைச் சொன்னான். கேட்காததையும் சொன்னான். ஊர் திரும்பியதும் பெட்டியோடு சாமியார்விளைக்கு வந்தாள். பிளாட்பாரத்திலேயே அவன் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

விதிப்படி அவர்களுக்கு எதிரெதிர் ஷிஃப்ட். அவன் வேலையில் இருக்கும்போது அவள் தூங்குவாள். அவன் வீடு திரும்பும்போது அவள் பேருந்து ஏறியிருப்பாள். விடுமுறையும் ஒரே நாளில் வராது. நிலையத்தில் இரண்டு வரிசைகளையும் எப்போதும் தனித்தனியே வைத்திருப்பார்கள், ஒன்றின் கோளாறு மற்றொன்றைத் தொட்டுவிடக் கூடாது என்று. அப்படித்தான் இவர்களையும் வைத்திருந்தார்கள். சாலை வளைவில் இரண்டு பேருந்துகளும் எதிரெதிரே கடக்கும். அவள் வலது பக்க ஜன்னலில் உட்காருவாள், அவனும் வலது பக்கம். சில நாள் வெயில் கண்ணாடியில் அடித்து ஒன்றும் தெரியாது.

"எல, சேந்து வாழுததுக்கா, பஸ்ஸப் பாக்கதுக்கா கூட்டிட்டு வந்த?" என்று செல்வின் கேட்டான். இசக்கிராஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேருந்துக்கு நடந்தான்.

ஒரு நாள் அவன் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பேருந்து இரைச்சலுக்கு நடுவே அவள் குரல்.

"சோறு மூடி வச்சிருக்கு. கேஸ மூடிட்டேன்."

"கேஸ மூடிட்ட, சரி" என்றான். பழக்கம்.

அந்தப் பக்கத்தில் சிரிப்புக் கேட்டது. பேருந்து கடற்கரைப் பாலத்தில் ஏறியிருக்க வேண்டும், தொடர்பு விட்டுப்போனது.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு எழுந்தான். அடுக்களைவரை நடந்து போனான். மேடையருகே, அவள் நின்று சமைத்திருக்கக்கூடிய இடத்தில், கொஞ்ச நேரம் நின்றான். தாளித்த கருவேப்பிலை வாசம் இன்னும் போகவில்லை.

கேஸ் திருகு மூடியிருக்கிறதா என்று அவன் பார்க்கவில்லை.